அறுக்காதே என்றால் பார்க்காதே என்றா பொருள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2014 ஆகஸ்ட் ஆணையோடு இளநிலை, முதுநிலை இரண்டிலும் விலங்கு அறுவை முடிந்தது. 2011 வழிகாட்டுதல் ஆசிரியருக்கு மட்டும் விட்டுவைத்த செயல்விளக்கமும் போயிற்று. இந்த இதழ் அதை மனமார வரவேற்கிறது. தவளைகளை மெழுகுத் தட்டில் குத்திவைத்து நம் மாணவர் கற்றது அதிகமில்லை.

கவலை வேறு. தடை அறுப்பதற்குத்தான். பல துறைகளிலோ, உயிருள்ள எதுவும் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்றே அதைப் படிக்கிறார்கள். முதலில் அடிபடுவது வளர்ச்சி உயிரியல் செய்முறை. அங்கே மிஞ்சியிருப்பவை 24, 33, 48 மணி நேரக் கோழிக்கரு ஸ்லைடுகள், அதுவும் சாயம் வெளுத்தவை. அவற்றுக்குப் பதில் கணினியில் அசைபடம் ஓட்டுவதை நவீனமயமாக்கல் என்று ஏற்க முடியாது.

ராமநாதபுரம் மாணவருக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. வலையில் சிக்கும் கடல்முள்ளியை மீனவர் கழித்துப் போடுகிறார். முதிர்ந்த விலங்காக இருந்தால், வாயைச் சுற்றிய மென்சவ்வு வழியே 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு சிறிது செலுத்தினால் போதும். முட்டையோ விந்தோ தானே வழியும். வடிகட்டிய கடல்நீரில் இரண்டையும் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், ஓரிரு நிமிடத்தில் கருவுறு சவ்வு எழும்பும். அதே வகுப்புக்குள் முதல் பிளவு. மறுநாள் நீந்தும் லார்வா. கத்தியே வேண்டாம். மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2010இல் கடல் விரால் குஞ்சு பொரிக்க வைத்தது. அந்த மீனின் கண்ணாடி போன்ற முட்டைக்குள் கருவின் இதயம் துடிப்பது தெரியும். ஒரு குவளை முட்டை கல்லூரிகளுக்கு வர ஓர் ஒழுங்கு வேண்டாமா?

இந்தக் கடலிடம் கற்பது புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் கரையோர உயிரிகள் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தனி நூலே வெளியிட்டது. பாலனோகிளாசஸ் என்ற கடற்புழு என்றால் குருசடை என்று படித்த தலைமுறை நாங்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். எந்த அட்டவணையிலும் இல்லாத, கரையில் கழித்துப் போட்ட கடல்முள்ளியை வகுப்புக்குக் கொண்டுவரலாமா என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். பருவம் முடிந்தும் பதில் இல்லை. அந்த வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தங்கள் கடலின் ஒரு முட்டை பிளப்பதைக்கூடப் பார்க்காமல் அவர்கள் விலங்கியல் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அதை யார் திருப்பித் தருவது?

மானியக் குழுவிடம் நாங்கள் கேட்பது ஒரு வரி: உயிருள்ள கருவைக் கவனிப்பது இந்தத் தடைக்குள் வராது. அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் அந்த வரி கல்லூரிகளுக்கு வந்தாக வேண்டும்.