யார் அடித்தால் இரைச்சல்?

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' வந்து நாற்பது ஆண்டாகிவிட்டதாம். 1986 மார்ச் 3 அன்று வெளியான தொகுப்பு. அதே ஆண்டில்தான் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', மெகாடெத்தின் 'பீஸ் செல்ஸ்'. பெங்களூரு, சென்னை அண்ணன்மார்கள் உருகி உருகி எழுதுகிறார்கள். கான்வென்ட் பள்ளி, கறுப்பு டீ-சர்ட், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட், 2011 அக்டோபரில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகாவை நேரில் பார்த்த பெருமை. அந்தச் சத்தம் எவருடைய தெருவிலிருந்து கிளம்பியது என்பதைத் தவிர எல்லாம் அந்தக் கட்டுரைகளில் இருக்கிறது.

நம் பக்கத்தில் வேறு விதம். "பறை இருக்கும்போது மெட்டல் எதற்கு? கம்பத்துச் சேரிப் பையனுக்கு வெள்ளைக்காரன் கத்தல் என்ன செய்யும்?" என்று மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். அந்த அண்ணன்மாரும் இந்தத் தோழர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இது நமக்கானது இல்லை. ஏன் இல்லை?

ஹெவி மெட்டல் எந்த மாளிகையிலும் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பையனுக்கு 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு கிட்டார் வாசித்தார். வலிக்காமல் இருக்கக் கம்பிகளை மெல்லியதாக்கினார், பின்னர் சுருதியை இறக்கித் தளர்த்தினார். பிளாக் சாபத்தின் அந்தக் கனத்த ஒலிக்கு அடியில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது. அந்தக் குழு தொடங்கியதும் ப்ளூஸ் வாசித்துத்தான். ப்ளூஸ் யாருடையது? அமெரிக்கப் பருத்திக்காட்டுக் கறுப்பர்களுடையது.

எண்பதுகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த 1980இல், எஃகு ஊர்களில் வளர்ந்தவர்களின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு தன் தொகுப்புக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்றே பெயர் வைத்தது. ஜெர்மனியின் சோடம் குழுவில் பாடும் டாம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். ஸ்லேயரில் பாடிய டாம் அராயா சிலியில் பிறந்தவர். டிரம்ஸ் அடித்த டேவ் லொம்பார்டோ கியூபாவில் பிறந்தவர். 1987இல் 'தி அல்ட்ரா-வயலன்ஸ்' கொண்டுவந்த டெத் ஏஞ்சல் குழுவில் ஐந்து பேரும் உறவுக்காரப் பிலிப்பைன்ஸ் வம்சாவளிப் பையன்கள். டிரம்ஸ் அடித்தவனுக்கு 14 வயது. லார்ஸ் உல்ரிக் மாதிரி டென்னிஸ் வீரர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டமாக நின்று தலையை ஆட்டியவர்கள் பெரும்பாலும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் கூடி இந்தப் பாட்டுகளை விசாரித்தது. வாஷிங்டன் பெரிய மனிதர்களின் மனைவிமார் சங்கம் அமைத்து, பிள்ளைகளைக் கெடுப்பதாக 15 பாட்டுகளுக்குப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் 9 ஹெவி மெட்டல், ஹார்ட் ராக் குழுக்களுடையவை. அதன் விளைவாகத்தான் உறைமேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் வந்தது. அசிங்கம், ஆபாசம், சாத்தான், இரைச்சல். எங்கேயோ கேட்ட வார்த்தைகளாக இல்லை? தப்பு அடிக்கிறவரைப் பற்றி ஊர்க்காரர் பேசும் பேச்சில் சாத்தானை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் அப்படியே பொருந்தும்.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். தமிழ்நாடே கொண்டாடியது, நாமும் கொண்டாடினோம். அந்த அரங்கின் பெயர் ஈவென்டிம் அப்பல்லோ. எண்பதுகளில் அதற்கு ஹேமர்ஸ்மித் ஓடியன் என்று பெயர். மோட்டர்ஹெட் தன் 1981 தொகுப்பின் தலைப்பிலேயே ஹேமர்ஸ்மித்தை வைத்தது. அயர்ன் மெய்டன் 1982இல் அங்கே வாசித்ததைப் பதிவுசெய்தது. மெட்டாலிகா 1986 செப்டம்பர் 21 அன்று அங்கே வாசித்தது. ஆறாம் நாள் சுவீடனில் பேருந்து கவிழ்ந்து அதன் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். மெட்டல் ரசிகர்களுக்கு அந்த இடம் கோயில் மாதிரி. பண்ணைப்புரத்துக்காரர் நின்ற மேடை இரைச்சல்காரர்கள் நின்று நின்று தேய்ந்த மேடை. நம் பத்திரிகைகளுக்கு அது கண்ணில் படவில்லை. சிம்பொனி என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

அதே 1986இல்தான் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். அவர் சினிமாப் பாட்டுகளில் தப்பும் உறுமியும் எவ்வளவோ ஒலித்திருக்கின்றன; சமர்ப்பணம் என்று வரும்போது அந்தக் கலைஞர்களுக்கு இடமில்லாமல் போனது. (2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட நூலுக்கு அவர் கொடுத்த முன்னுரைமீது நமக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அது தனிக் கணக்கு.) நம் வருத்தம் அவர்மீது மட்டும் இல்லை. நம்மில் ஒருவர் எவ்வளவு உயரம் போனாலும் பாஹ், தியாகராஜர் என்று சான்றிதழ் காட்டினால்தான் இசைக்கலைஞர் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சமூகத்தின்மீதுதான். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். கூலிக்காரர்களின் இசை இந்த மலைச்சரிவுக்குப் புதிதில்லை.

1989இல் சோடம் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' வெளியிட்டது. வியட்நாம் காடுகளில் அமெரிக்கா தெளித்த நஞ்சின் பெயர் அது. அதே 1989இல் போடியில் சாதிக் கலவரம். உயிர்கள் போயின. அதைப் பாட நம்மிடம் என்ன இருந்தது? ஒப்பாரி இருந்தது. தப்பு இருந்தது, ஆனால் அது ஊர்ச் சாவுக்கு அடிக்க வேண்டிய கடமையாக இருந்தது. கோபத்தை உரக்கச் சொல்லும் மேடை நமக்குக் கிடைக்கவில்லை. தேனியிலும் கம்பத்திலும் பாட்டுப் பதிந்து கொடுத்த கேசட் கடைகளில் 60, 90 நிமிட நாடாவில் சினிமாப் பாட்டும் சாமிப் பாட்டும் நிரம்பின. மெட்டல் ஆங்கிலமும் விமான டிக்கெட்டும் உள்ள வீடுகளில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அதை இறக்குமதி செய்தவர்களுக்கு வசதி இருந்தது என்பதற்காக இசையையே அவர்கள் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுவதா?

கறுப்பின இளைஞர்கள் அப்படிக் கொடுக்கவில்லை. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு 1988இல் ஸ்லேயரின் கிட்டாரை வெட்டி எடுத்துத் தன் பாட்டில் ஒட்டியது. 1991இல் ஆந்த்ராக்ஸோடு சேர்ந்து 'பிரிங் தி நாய்ஸ்' பாட்டை மறுபடி பதிவுசெய்தது. இரைச்சல் என்று எவன் திட்டினானோ அவன் வார்த்தையையே தலைப்பாக வைத்தார்கள். பிளாக் பாந்தர்ஸ் பெயரை 1972இல் மும்பையில் தலித் பாந்தர்ஸ் எடுத்துக்கொண்டபோது யாரிடமும் அனுமதி கேட்டார்களா என்ன?

மெட்டல் சுத்தமானது என்றும் சொல்ல மாட்டோம். 1985இல் ஆந்த்ராக்ஸ்காரர்கள் இருவர் சேர்ந்திருந்த எஸ்.ஓ.டி. குழு 'ஆங்கிலம் பேசு, இல்லாவிட்டால் செத்துப்போ' என்ற பொருளில் தொகுப்புக்குத் தலைப்பு வைத்தது. பகடியாம். அடிவாங்குகிறவனை வைத்துப் பகடி செய்வது எந்த ஊரிலும் சுலபம். இரண்டே ஆண்டில் அதே ஆந்த்ராக்ஸ் அமெரிக்கப் பழங்குடிகளுக்காக 'இண்டியன்ஸ்' பாட்டைப் பாடியது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லேயர் நாஜிக் கொலைகார மருத்துவனைப் பற்றிப் பாடியதில் எவ்வளவு கண்டனம், எவ்வளவு கிளுகிளுப்பு என்று இன்றும் சண்டை நடக்கிறது. பெண்களை இந்தக் குழுக்கள் நடத்திய விதத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும். கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். கேட்காமலே ஒதுக்குவதற்குப் பெயர் வேறு.

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இந்த மாவட்டத்திலிருந்து போய் வெளியூரில் பொறியியல் படிக்கும் நம் மாணவர்கள், கல்லூரிக் கலைவிழாவில் தப்பாட்டம் ஆட அனுமதி கேட்டார்கள். அரங்குக்குள் எதிரொலிக்கும், கேட்டுக்கு வெளியே வரவேற்புக்கு அடியுங்கள் என்று பதில் வந்தது. நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சவும் தடை. அன்று மாலை அதே அரங்கில் இரட்டை பேஸ் டிரம், ஆளுயர ஒலிபெருக்கிகளோடு ராக் குழு ஒன்று மெட்டாலிகா பாட்டுகளை வாசித்தது. எதிரொலிக்கவில்லை போலிருக்கிறது. முன்வரிசையில் தலையாட்டிய பையன்களில் சிலர், காலையில் தப்புச் சத்தம் கேட்டு மூக்கைச் சுளித்தவர்கள். லொம்பார்டோ இரண்டு காலால் அடித்தால் வேகம், நம் பெரியப்பா அடிக்குச்சியும் சிம்புக்குச்சியுமாக அடித்தால் சாவுமேளம்!

நாட்டில் இரைச்சலுக்குச் சட்டம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம், ஆண்டுக்கு 15 நாள்வரை. சாதிக்கு அதில் இடமே இல்லை. ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு விடிய விடியப் பாடும் ஒலிபெருக்கியை அளக்காத காவல்துறை, ஏப்ரல் 14 அன்று நாம் அம்பேத்கர் பாட்டுப் போட்டால் 'சட்டம் ஒழுங்கு' என்று வந்து நிற்கிறது. டெசிபல் மீட்டரைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டால் அவர்களிடம் அது இருப்பதில்லை.

"பறை போதும்" என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தப்பை இறக்கிவைத்த நம் தாத்தாக்களும் போராளிகள். அதற்காக ஊர்விலக்கு வாங்கியவர்கள். அதைத் திரும்பக் கையில் எடுத்து மேடையேற்றியவர்களும் போராளிகள். இரண்டும் அவர்களாகத் தேர்ந்தது. இன்று 18 வயதில் ஒரு பெண் எலக்ட்ரிக் கிட்டாரைத் தேர்ந்தால், "உனக்குப் பறை" என்று நாமே ஒதுக்கிக் கொடுப்பது பிறப்பைப் பார்த்துத் தொழில் கொடுத்த பழைய வேலைதான். 2018இல் அயோத்திதாசரிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு வந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பறையும் கானாவும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாகத்தான் நின்றன.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 'ரெய்ன் இன் பிளட்'டில் தொடங்க வேண்டாம், மிரண்டுவிடுவீர்கள். 'பிரிட்டிஷ் ஸ்டீல்' முதலில். பிறகு 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்': சிப்பாய்களைச் செலவழிக்கும் அரசு, பக்தியை விற்கும் பிரசங்கி எல்லாம் அதில் வருகிறார்கள், நம் ஊர்ச் சாமியார்களை நீங்களே பொருத்திக்கொள்வீர்கள். அப்புறம் ஸ்லேயர். மொத்தமே 29 நிமிடம்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி முடிப்பதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். இயர்போனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், பகலில்.