அப்பாயின்ட்மென்ட்டுக்கு கேரி ஃபார்வர்டு கிடையாது

என் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் தெரியும். "என்னடா, ஹேக்கிங்கா?" என்று வகுப்பில் கேட்காத ஆளில்லை. பி.காம். படிக்கிற பயலுக்கு அதெல்லாம் எங்கே வரும்? அது ஆர்க் மோட். ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் ஓடுவது. 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் எழுத ஆரம்பித்தது. வேலையையும் தேதியையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்தால், அன்றன்றைக்கு உரியதைப் பொறுக்கி 'அஜெண்டா' என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஜர்னலில் ஒரு தடவை பதிந்தால் லெட்ஜர் தானாக வருகிற மாதிரி.

சரி, இதன் புகழ் பாட வரவில்லை. நான் சொதப்பிய கதையைச் சொல்ல வந்தேன்.

2025 நவம்பர் 13, வியாழன். காலை 9.30-க்கு அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய செக்கப். பொறுப்பாக எழுதியும் வைத்திருந்தேன். எப்படி? மற்ற வேலைகளைப் போலவே 'ஷெட்யூல்டு' என்று, தேதி மட்டும் போட்டு. அன்று அஜெண்டாவில் பதினேழு வரி. காஸ்டிங் கணக்கு, ரெக்கார்டு நோட்டு, பைக் சர்வீஸ்... அவற்றுக்கு நடுவே அப்பத்தா. பாதிக்கு மேல் முந்தின வாரத்துப் பாக்கி என்பதால் நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்ப்பதையே விட்டிருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்தால், வெள்ளைச் சேலை கட்டி, மஞ்சப்பையில் சீட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "ஏய்யா, இன்னைக்கு இல்லையா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கொடுமை என்னவென்றால், மறுநாளும் அந்த வரி அஜெண்டாவில் வந்து நின்றது, இன்னும் செய்துவிடலாம் என்பது போல!

தப்பு சாஃப்ட்வேர் மேல் இல்லை. அதில் தேதி மூன்று வகை. 'ஷெட்யூல்டு' என்றால் அந்த நாளில் வேலையை ஆரம்பிக்கிறேன் என்று அர்த்தம். முடித்ததாகக் குறிக்கும்வரை தினமும் பின்னாலேயே வரும். நம் பாஷையில் இருப்பு கீ/கொ. 'டெட்லைன்' என்றால் கடைசித் தேதி. நாம் மாற்றாவிட்டால் 14 நாள் முன்பிருந்தே எச்சரிக்கும். மாதாமாதம் 20-ம் தேதி கட்டவேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி மாதிரி. மூன்றாவது, எந்தச் சொல்லும் சேர்க்காத வெறும் தேதி: <2025-11-13 வியாழன் 09:30>. அந்த நாளில், அந்த மணிக்கு நேரே நிற்கும். மறுநாள் இருக்காது. சந்திப்புகளை இப்படித்தான் எழுத வேண்டும் என்று கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். படித்தால்தானே!

இதில் என் கட்சி இதுதான். நாம் எல்லாவற்றையும் 'செய்ய வேண்டியவை' பட்டியலில் கொட்டுகிறோம், ஏனென்றால் அதைத் தள்ளிப்போடலாம். காஸ்டிங் கணக்கு எனக்கு நானே கொடுத்த வாக்கு. நாளைக்குப் போட்டால் குடி முழுகாது. சந்திப்பு அப்படியல்ல. அந்த நேரம் பாதி இன்னொருத்தருடையது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், அடுத்தவர் நேரத்தை நம் பாக்கியோடு சேர்த்துத் தள்ளிவிடுவோம். மறுபக்கமும் உண்டு: "செவ்வாய் 4 மணிக்கு ஆடிட்டிங் படிப்பேன்" என்று ஆசைக்கு எழுதுவதையெல்லாம் மணிக்கணக்கில் சேர்க்கக்கூடாது. நாலு தடவை பொய்யானால் ஐந்தாவதாக வரும் நிஜச் சந்திப்பையும் கண் நம்பாது.

"ஃபோனில் அலாரம் வைத்தால் போதாதா?" என்பீர்கள். வையுங்கள், நானும் வைக்கிறேன்; அஜெண்டா தானாக மணியடிக்காது. ஆனால் அலாரம் அந்த நேரத்தில்தான் அடிக்கும். முந்தின நாளே "காலைல ஃப்ரீதான், வாடா" என்று நண்பனுக்கு வாக்குக் கொடுப்பதைத் தடுக்காது. அதற்கு நாள் முழுவதும் ஒரு பக்கத்தில் தெரிய வேண்டும். டைரியோ காலண்டரோ எதுவானாலும் சரி, நேரம் குறித்ததைத் தனியாக எழுதுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. இந்த முறை வெறும் தேதியாக எழுதினேன். 8.45-க்கே பைக்கோடு வாசலில் நின்றேன். அப்பத்தா அதற்கும் முன்னால் திண்ணைக்கு வந்துவிட்டார். அவருக்கு எந்த அஜெண்டாவும் தேவைப்படவில்லை :-)