விளக்கு எரிகிறது, எதை மாற்றுவது?



இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால், மஞ்சள் என்ஜின் விளக்கைப் பற்றிய புலம்பல்தான் அதிகம். அதில் ஒரு கடிதம் மனசை உறுத்தியது. ஸ்கேனர் பி 0171 என்ற கோளாறுக் கோடைக் (code) காட்டியிருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்துவிட்டது. "அடுத்து எதை மாத்தணும் சார்?" என்று கேட்கிறார்.

எதையும் மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். என்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று மிஞ்சிவிட்டது என்பதுதான் பி 0171. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். திருடன் வந்ததைச் சொன்ன வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பிய கதையாகிவிட்டது. சென்சாரே பொய் சொல்வதும் உண்டு. ஆனால் சந்தேகப்பட வேண்டியவற்றில் அது கடைசி.

இந்தக் கோடுகள் மெக்கானிக்குக்காகப் பிறந்தவை அல்ல. கலிஃபோர்னியாவின் காற்று மாசுக் கட்டுப்பாட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு ஓபிடி-2 என்ற பெயரில் அது கட்டாயமானது. நம் நாட்டில் பிஎஸ்-4 மாசு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. புகை வரம்பு மீறுகிறதா என்பதுதான் சட்டத்தின் கவலை. அதனால் எந்த அளவு எல்லை தாண்டியது என்று கோடு சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று பெரும்பாலும் சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது என்ற கணக்கு அது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஐடிலிங்கில் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5 சதவீதத்துக்கு இறங்கினால், எங்கோ வாக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தானே, அதில் ஓட்டை வழியாக நுழைவதன் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, மேடு ஏறும்போது எண் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப்பையோ அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சாரையோ பாருங்கள். ஹோஸ் என்றால் செலவு சில நூறு ரூபாய்தான். சென்சார் மாற்றியவர் இதைப் படித்தால் வயிறு எரியும், என்ன செய்வது!

பி 0301, முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று வந்தால் வேலை இன்னும் சுலபம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி 0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைப் போலப் பல மடங்கு.

இன்னொரு வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. "கோடை அழிச்சு விட்டுட்டேன், ஓட்டிப் பாருங்க" என்று வண்டியைக் கையில் கொடுப்பது. கோளாறு பதிவான நேரத்தின் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் கூடவே போய்விடும். குளிர்ந்த என்ஜினில் வந்த கோளாறா, நெடுஞ்சாலையில் வந்ததா என்று பிறகு எவரிடம் கேட்பது?

ஆகவே இனி என்ஜின் விளக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர், இவற்றோடு அழிப்பதற்கு முன் எடுத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சென்சார் மாற்றிய வாசகரே, உங்கள் டிரிம் எண்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்