எவர்சில்வர் போல்ட் எல்லா இடத்துக்கும் ஆகாது

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டி முழுக்க எவர்சில்வர் போல்ட் போட்டுவிட்டால் இனிக் கவலையில்லை என்பதுதான் அது. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இப்படி ஓர் ஆசை எழுவது நியாயம்தான். ஜெராம், பாசிர் பெனாம்பாங் பக்கம் மலாக்கா நீரிணையின் உப்புக் காற்று வீசுகிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று உள்ளே போனால் கடல் தூரமாகிவிடும், உப்பு தூரமாவதில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரமும் ஓர் உப்புதான். கடல் உப்பில் இருக்கும் அதே குளோரைடுதான் அதிலும் இருக்கிறது. தோட்டத்துச் செம்மண்ணோடு கலந்து சக்கர மூடிக்குள் அப்பிக்கொண்டால், ஈரம் காயாமல் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இருந்தாலும், எவர்சில்வரைக் கண்ட இடத்திலெல்லாம் மாட்டுவது தவறு என்பேன். சில இடங்களில் அது பக்கத்து உலோகத்தைத் தின்னும். வேறு சில இடங்களில் ஆளையே ஆபத்தில் தள்ளும்.

இந்தத் தவற்றின் பழைய கதை ஒன்று கப்பலில் இருக்கிறது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, ‘அலார்ம்’ என்ற மரக்கப்பலின் அடிப்பகுதியைப் புழு அரிக்காமல் இருக்கச் செப்புத் தகட்டால் மூடியது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள்தாம் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில ஆணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செப்புத் தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த இடங்களில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு, இரண்டு உலோகமும் தொடாமல் தடுத்திருந்தது. வோல்டா தம் மின்கலத்தைச் செய்தது 1800-இல்தான். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முன்பே ஒரு காகிதத் துண்டு பாடம் நடத்திவிட்டது.

படிவம் 5 வேதியியலில் இதே பாடம் உண்டு. அகர் கூழில் இரும்பு ஆணிகளை வைத்து, ஒன்றில் செப்புக் கம்பியும் இன்னொன்றில் துத்தநாகப் பட்டையும் சுற்றி வைப்பீர்கள். செம்பு சுற்றிய ஆணியைச் சுற்றி நீலம் படரும். இரும்பு எலக்ட்ரானை இழந்து கரைகிறது என்று பொருள். துத்தநாகம் சுற்றிய ஆணியில் நீலமே வராது. அங்கே இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைகிறது. காரில் நடப்பதும் இதுதான். அகர் கூழுக்குப் பதில் உப்பு ஈரம், அவ்வளவே.

தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் அந்த வண்டி வந்தபோது போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாடு. அதனால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சட்டம் மட்டும் இரும்பு. அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட்டை நேரடியாக முறுக்கினால், உப்பு ஈரம் பட்டதும் கரையப்போவது அலுமினியம். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். பெயிண்ட் கொப்பளிக்கும். போல்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்! துத்தநாகமோ மின்வேதி வரிசையில் அலுமினியத்துக்குப் பக்கத்தில் இருப்பது. துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டும் நடுவே ஒரு நைலான் வாஷரும் போட்டால் சண்டை வெகுவாகக் குறையும். அந்த வாஷர்தான் நம் பழுப்புத் தாள்.

மோரிஸ் மைனர் மாதிரி முழு இரும்பு உடல் என்றால்? போல்ட் சிறியது, தகடு பெரியது. அரிப்பு பரவலாகிவிடும், பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் தகட்டில் பெயிண்ட் இருக்கிறதே! வெளியே தெரியும் இரும்பு, துளையின் ஓரத்தில் கீறிய மெல்லிய வளையம் மட்டும்தான். அரிப்பு முழுவதும் அந்த வளையத்தில் குவியும். எந்த போல்ட்டைப் போட்டாலும், துளை ஓரத்துக்கு முதலில் பெயிண்ட் அடித்துக் காயவிட்டுப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அரிப்பைவிட எனக்கு அதிகம் கவலை தருவது பலம். கடையில் கிடைக்கும் எவர்சில்வர் போல்ட்டின் தலையில் பெரும்பாலும் ‘ஏ2-70’ என்று இருக்கும். அது சுமார் 450 மெகாபாஸ்கல் இழுவிசையில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். தலையில் ‘8.8’ என்று குத்திய இரும்பு போல்ட் 640 வரை தாங்கும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், இருக்கை வார் ஆகிய இடங்களில் அழகுக்காக எவர்சில்வர் மாட்டுவதை யார் செய்தாலும் நான் ஒப்பமாட்டேன். அங்கே தயாரிப்பாளர் சொன்ன தரம்தான். போதாததற்கு, எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் காய்ந்த நிலையில் இறுக்கும்போது ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மரையையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் பல போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல நுண்மரை போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், இன்றைய எம் 8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதன் மரை இடைவெளி 1.06 மில்லிமீட்டர், இரண்டாவது 1.25. ஸ்பானரால் பலமாகத் திருகினால் ஏறுவதுபோல ஏறி, மரையைச் சீவிவிடும்.

எவர்சில்வருக்கு நான் எதிரி இல்லை. நம்பர் பிளேட், கண்ணாடி, உள் அலங்காரம் என்று பாரம் தாங்காத இடங்களில் தாராளமாகப் போடலாம். புகைக்குழாய் இணையும் இடத்தில் பழைய மெக்கானிக்குகள் பித்தளை நட்டு போடுவதும் நல்ல யோசனை. அது இரும்பு ஸ்டட்டோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது. நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டை மட்டும் அந்தச் சூட்டில் போடாதீர்கள், நைலான் இளகிவிடும்.

மற்ற இடங்களுக்குத் துத்தநாகம் பூசிய போல்ட்டே என் தேர்வு. பளபளப்பாக மின்முலாம் பூசியதில் துத்தநாகம் 5 முதல் 8 மைக்ரான்தான் இருக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, சொரசொரப்பாக இருந்தாலும் 40 மைக்ரானைத் தாண்டும். நட்டு அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். போட்ட பிறகு தலையின்மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி, மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். கழுவும்போது போல்ட் தலைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் இன்னும் தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. செந்துரு தெரிந்தால் அது தீர்ந்துவிட்டது. அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.