எண்ணுக்குத் திருத்தம் உண்டு, பெயருக்கு இல்லையோ?

பழைய நிலப்படங்களை ஒளிவருடிக் கணிப்பொறியில் ஏற்றி, இன்றைய நிலத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் பணி உலகெங்கும் விரைந்து நடைபெறுகின்றது. சான் உரோக்கு என்பார் 1746-இல் வெளியிட்ட இலண்டன் நகரப்படம் இன்று அந்நகரின்மேல் தெருத்தெருவாகப் பொருத்தப்பெற்றுள்ளது. எந்தத் தெரு அழிந்தது, எந்த ஓடை மூடப்பட்டது, எந்தத் தோட்டம் மாளிகையாயிற்று என்பனவற்றை ஆராய்ச்சியாளர் இருந்த இடத்திலிருந்தே காண்கின்றனர். நல்ல பணி, தமிழகத்திற்கும் வேண்டிய பணி. ஆயின், தமிழகத்துப் படங்களில் அப்பணி நிகழுங்கால் ஒரு பெருங்கேடு ஓசையின்றி உடன் நுழைகின்றது. இடம் பொருத்தப்பெறுகின்றது, பெயர் கைவிடப்பெறுகின்றது.

பொருத்தும் முறை இது: பழம்படத்திலும் இன்றைய நிலத்திலும் ஒருங்கே காணத்தக்க இடங்கள் சில தெரிந்தெடுக்கப்பெறும். கோயில், கண்மாய்க்கரையின் முனை, சாலைகள் கூடுமிடம், மலைமுகட்டு அளவைக்கல் ஆகியன அத்தகையன. அவற்றின் அகலாங்கும் நெட்டாங்கும் கணிப்பொறிக்குத் தரப்பெறும். கணிப்பொறி அப்படத்தைத் திருப்பியும் நீட்டியும் சுருக்கியும் நிலத்தோடு இசைவிக்கும். இசைவித்த பின்னும் மிஞ்சும் பிழை எவ்வளவு என்பதையும் அதுவே கணக்கிட்டுக் காட்டும்.

எண்ணில் நேர்ந்த பிழைக்கு இத்துறையினர் காட்டும் கண்டிப்பைக் காண்க. 1802 ஏப்பிரல் 10-ஆம் நாள், பரங்கிமலையருகே இலாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நிலத்தை முக்கோணங்களாகப் பகுத்தளந்த பேரளவை அங்கிருந்தே விரிந்தது. படங்களின் நெட்டாங்குகள் சென்னை விண்ணோக்ககத்தை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்பெற்றன. அவ்விண்ணோக்ககத்தின் நெட்டாங்கே பிழைபடக் கொள்ளப்பட்டிருந்தமை பின்னர்த் தெளிவாயிற்று. பிழை ஒரு பாகையில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கே. நிலத்தில் அஃது ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர். அதனைத் திருத்தாது பழம்படத்தின் நெட்டாங்கை அவ்வாறே கொண்டால், கொடைக்கானல் மலையடியிலுள்ள கெங்குவார்பட்டி, தான் இருக்கும் இடத்தைவிட்டு நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே, வத்தலக்குண்டுப் பக்கமாகப் போய் நிற்கும். இதனை அறிந்த அளவைத்துறையினர் வாளா இருந்தனரோ? இல்லை. பழம்படங்களில் இத்தனை கழித்துக்கொள்க என்று திருத்தம் வகுத்து, படவோரத்திலேயே அச்சிட்டும் வைத்தனர்.

பாகையில் 25-இல் ஒரு பங்கு பிசகியதற்கு இத்துணைக் கவலை! அதே படத்தில் அதே ஊரின் பெயர் பிசகியதற்கு என்ன திருத்தம் வகுத்தனர்? எந்தப் படவோரத்தில் அச்சிட்டனர்?

கெங்குவார்பட்டியையே எடுத்துக்கொள்க. பெரியகுளம் வட்டத்துப் பேரூராட்சி அது. 1996-இல் தேனி மாவட்டம் பிரியும்வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. தமிழில் அதன் முதலெழுத்துக் ககரம். உரோம எழுத்தில் எழுதியவர் 'ஜி' என்னும் எழுத்தை முதலில் இட்டார். அந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டொலி. தமிழறியா ஒருவரோ, எழுத்துக்கு எழுத்து மாற்றும் கணிப்பொறியோ அதனைத் திருப்பித் தமிழாக்கினால், 'ஜெங்குவார்பட்டி' என்று, தமிழெழுத்தே அல்லாத கிரந்த எழுத்தோடு ஓர் ஊர் பிறக்கும். அப்படியோர் ஊர் உலகில் இல்லை. ஆயினும் தரவில் இருக்கும். தரவிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து பெயர்ப்பலகைக்கும் ஏறும்.

அடுத்துள்ள தேவதானப்பட்டியைக் காண்க. உரோம எழுத்து தகரத்தையும் டகரத்தையும் ஓரெழுத்தாகவே எழுதும். நகர, னகர, ணகர வேறுபாட்டையும் விழுங்கும். குறிலும் நெடிலும் அதற்கு ஒன்றே. தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல். அப்பெயர் சிதைந்தால், ஊரின் நிலவரலாற்றைத் தேடப் புகுவார்க்கு முதல் தடயமே சிதையும். கம்பத்தையும் காண்க. ஆங்கிலேயர் எழுதிய அதே எழுத்துகளில் ஆந்திரத்திலும் ஓர் ஊர் உண்டு. தமிழிலும் தெலுங்கிலும் எழுதினால் அவை இருவேறு பெயர்கள். உரோம எழுத்தில் இரண்டும் ஒன்று. பழம்படப் பட்டியலில் தேடுவோர்க்கு முல்லையாற்றங்கரை ஊரும் ஆந்திரத்து ஊரும் ஒருங்கே வந்து நிற்கும்.

'ஊர்ப்பெயர் பிழைபட்டால் ஆராய்ச்சிக்கு என்ன இழப்பு?' என்பார் உளர். ஆராய்ச்சியே அப்பெயர்களின்மேல் நின்றதன்றோ? எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூலில், கல்வெட்டுகள் கூறும் நாடுகளின் எல்லைகளைப் படமாக வரைந்து காட்டினார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னைய நாடு எங்கிருந்தது என்பதை அவர் எவ்வாறு கண்டார்? கல்வெட்டில் உள்ள ஊர்ப்பெயர் இன்றும் ஓர் ஊருக்கு வழங்குவதைக் கொண்டே கண்டார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கணிப்பொறி கொண்டு உருவாக்கப்பெற்ற தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்புக்கும் அப்பெயர்களே கால்கோள். கண்மாய்க்கரை எவ்வாறு இடத்தைப் பிணிக்கும் புள்ளியோ, அவ்வாறே ஊர்ப்பெயர் காலத்தைப் பிணிக்கும் புள்ளி. முன்னதைத் திருத்தமுறக் குறித்துவிட்டுப் பின்னதைப் பிழையாகக் குறித்தால், அப்படம் பாதியே பொருத்தப்பெற்றதாகும்.

இனி, எதிர்ப்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்க.

ஒன்று: 'பெயர் மாறும், ஆள்கூறு மாறாது. ஆதலின் ஆள்கூறே போதும்' என்பர். மாறாததாம் ஆள்கூறு! சென்னையின் நெட்டாங்கு திருத்தப்பட்டபோது நாலரைக் கிலோமீட்டர் நகர்ந்தது எது? உலகவுருண்டையின் வடிவாக எவரெசுட்டு 1830-இல் வகுத்த அளவு பழம்படங்களுக்கு. 1984-இல் வகுத்த உலகப் பொது அளவு இன்றைய செயற்கைக்கோளுக்கு. இரண்டுக்குமிடையே மாற்றக் கணக்குப் போடாமல் ஒருவரும் படம் பொருத்துவதில்லை. எண்ணும் மாந்தர் வகுத்துக்கொண்ட வரையறையே. எண் மாறும்போதெல்லாம் பாடுபட்டுக் கணக்கிடுவோர், பெயர் மாறும் என்று சொல்லி அதனைக் கைகழுவுதல் முறையோ?

இரண்டு: 'ஆராய்ச்சி உலகப் பொது, ஆங்கிலமே போதும்' என்பர். ஆங்கிலப் பெயரை எவரும் அழிக்கச் சொல்லவில்லை. அதனருகே தமிழ்ப்பெயரையும் வைக்கச் சொல்லுகின்றனர். கணிப்பொறிக்குத் தமிழ் எழுத வராது என்னும் சாக்கும் செல்லாது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு.

மூன்று: 'இது வெறும் எழுத்தாராய்ச்சி, மக்கள் வயிற்றுக்கு உதவாது' என்பர். தேனி மாவட்டத்து உழவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்! 1886-இல் எழுதப்பெற்ற முல்லைப்பெரியாற்றுக் குத்தகையின் 8,000 ஏக்கர் நிலவெல்லை எதுவரை என்பது இன்றும் வழக்கில் உள்ளது. தேக்கடியில் கேரளத்தார் அமைத்த ஊர்தி நிறுத்துமிடம் அவ்வெல்லைக்குள் வருமா என்று அளந்து சொல்லுமாறு, 2023 நவம்பரில் உச்ச நயன்மன்றம் இந்திய நில அளவைத் துறையைப் பணித்தது. பழம்படத்தைப் புதுநிலத்தின்மேல் பொருத்துவது பொழுதுபோக்கன்று. நீருரிமையும் நிலவுரிமையும் அதில் அடங்கியுள்ளன.

ஏரி, கண்மாய்களைக் காக்கத் தமிழக அரசு 2007-இல் தனிச்சட்டம் இயற்றியது. கவர்ந்தோரை வெளியேற்ற வேண்டுமாயின், கண்மாயின் பழைய பரப்பை முதலில் நிறுவ வேண்டும். பழம்படத்தில் அக்கண்மாய் உரோம எழுத்தில் ஒரு பெயராகவும், ஊர்ப் பதிவேட்டில் தமிழில் வேறு பெயராகவும் நின்றால், இரண்டும் ஒன்றே என்று மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழும்? ஊரார் தலையில் விழும். அந்த ஐயத்தால் ஊதியம் பெறுவோன் கவர்ந்தவனே. பெயர்ப்பிழை, கவர்வோனுக்குக் கிடைத்த வேலி!

இத்துணையும் அறிந்தும் அரசு செய்தது என்ன? 2020-இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் புதிதாக வகுத்த எழுத்துக்கோவைகளைக் கண்டு நாடே நகைத்தது. சூன் திங்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்று, வழி தவறு. உரோம எழுத்தைத் தமிழொலி ஒலிக்கச் செய்யும் முயற்சி, சல்லடையில் நீர் முகக்கும் முயற்சி. அவ்வுழைப்பில் ஒரு பங்கைத் தமிழெழுத்தைப் படத்தில் ஏற்றுவதற்குச் செலவிட்டிருந்தால் பயன் விளைந்திருக்கும்.

இவ்விடத்துத் தனித்தமிழன்பர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழம்படத்துப் பெயர்களில் வடசொல்லோ பிறசொல்லோ கண்டவுடன், அதனை அடித்துவிட்டுத் தூயதமிழ்ப் பெயர் எழுதும் வேட்கை சிலர்க்குண்டு. அது கூடாது. தேவதானத்தை 'இறையிலி' என்று திருத்தி எழுதினால், அது தமிழ்ப்பணியாகாது, சான்றழிப்பாகும். ஆங்கிலேயன் அறியாமல் செய்ததைத் தமிழன் அறிந்து செய்ததாக முடியும். ஊர்ப்பெயரின் வேரை ஆராய்வது வேறு. ஊர்ப்பெயரைப் பதிவது வேறு. இரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் 'தமிழகம் ஊரும் பேரும்' எழுதியபோது வழங்கும் பெயரை வைத்துக்கொண்டே அதன் பொருளை ஆராய்ந்தார். பெயரே அழிந்திருந்தால் எதனை ஆராய்ந்திருப்பார்?

ஆதலின், செய்ய வேண்டுவன இவை:

1. தமிழகத்துப் பழம்படம் எதனைக் கணிப்பொறியில் ஏற்றினாலும், ஒவ்வோர் ஊர்க்கும் நீர்நிலைக்கும் மலைக்கும் உரிய பெயர் தமிழெழுத்தில் முதற்கண் பதியப்பெறுதல் வேண்டும்.

2. படத்திலுள்ள பழைய உரோம எழுத்துக்கோவை, ஓரெழுத்தும் மாறாமல், படத்தின் ஆண்டோடு தனி நிரலில் இருத்தல் வேண்டும். அதுவும் வரலாறே.

3. வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' பதிவேட்டில் ஊர்ப்பெயர்கள் ஏற்கெனவே தமிழில் உள்ளன. புலப்படங்களும் கணிப்பொறியில் ஏறியுள்ளன. அவற்றையும் பழம்படங்களையும் இணைத்தல் வேண்டும். இதற்குப் புதிய செலவு மிகுதியாக இல்லை, மனமே வேண்டும்.

4. பதிவேட்டிலும் ஏறாத பெயர்கள் உள. ஓடை, பாறை, காடு, மடை, களம் ஆகியவற்றின் பெயர்கள் முதியோர் நாவில் மட்டும் வாழ்கின்றன. அவர் மறையும்போது அவையும் மறையும். அவற்றைத் தொகுத்தல் வேண்டும்.

இந்நான்காம் பணிக்கு அரசாணை எதுவும் வேண்டா. இன்று ஆள்கூற்றைக் காட்டும் கைப்பேசி வீட்டுக்கு வீடு உள்ளது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓபன்சிட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில் எவரும் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே பதியலாம். அதற்கெனத் தனியிடமும் அதில் உண்டு. கெங்குவார்பட்டி முதல் கூடலூர்வரை உள்ள பள்ளிகளின் தமிழாசிரியர், தத்தம் மாணவரைக் கொண்டு ஊரெல்லையை ஒருமுறை சுற்றிவந்தால் போதும். கண்மாயின் மடைதோறும் நின்று, அதன் பெயரை ஊர்ப்பெரியவரிடம் கேட்டு, ஆள்கூற்றோடு எழுதி வருக. எழுதியதைப் பெரியவர்க்கே படித்துக் காட்டித் திருத்துக.

அளவைத்துறை எண்ணுக்குத் திருத்தம் அச்சிட்டு நூறாண்டு கடந்துவிட்டது. பெயருக்குத் திருத்தம் எழுத வேண்டியவர் தமிழரே. முதியோர் இருக்கும்போதே எழுதுக. இக்கோடை விடுமுறையிலேயே தொடங்குக!