கம்ப்யூட்டருக்கும் வேண்டும் ஒரு காரவள்ளி!

நாமக்கல் பக்கம் இருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குக் காரவள்ளியைத் தெரியும். அது மலையின் அடிவாரம். அங்கே வனத்துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும்.

சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் யாரும் கோபப்படுவது இல்லை. காடு கெடாமல் இருக்க அது தேவை.

இன்று ஊர்தோறும் இன்னொரு பாதை வந்துவிட்டது. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீசு, ஆஸ்பத்திரி எங்கும் கம்ப்யூட்டர்கள்! அவற்றை இணைக்கும் கம்பிகள்! இந்தப் பாதைக்கும் ஒரு சாவடி வேண்டும் அல்லவா?

சாவடி எது?

கம்ப்யூட்டர் கம்பிகள் எல்லாம் ஒரு சிறு பெட்டியில் வந்து சேருகின்றன. அதற்கும் "சுவிட்ச்" என்றே பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு. பெட்டியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தியை, உரிய கம்ப்யூட்டருக்குச் சேர்ப்பது இதன் வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யார் கம்பியைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று, நாம் இடும் கட்டளையைக் கேட்கும். இரண்டாவது வகைதான் சாவடி ஆகும். ஆனால், கட்டளை கொடுக்காவிட்டால் அதுவும் ஆள் இல்லாத சாவடியே!

டெல்லியும் கூடங்குளமும்

2022–ம் ஆண்டு நவம்பர் 23–ந் தேதி, டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விஷமிகள் உள்ளே புகுந்து, தகவல்களை யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள். நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதும்படி ஆயிற்று. பல நாட்கள் இந்த நிலை நீடித்தது. நோயோடு வந்தவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

காரணம் என்ன? கம்ப்யூட்டர் வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் என்று, 2023 பிப்ரவரியில் ராஜாங்க மந்திரி ராஜீவ் சந்திரசேகர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார்.

நம் கூடங்குளத்தைப் பாருங்கள். 2019–ம் ஆண்டு அங்கே நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் விஷமப் புரோகிராம் புகுந்தது. அணுமின் கழகமே அதை ஒப்புக்கொண்டது. ஆனால், முக்கியமான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டு இருந்தது. மின்நிலையத்துக்குப் பாதிப்பு இல்லை என்றும் கழகம் கூறியது.

இரண்டு இடத்திலும் கள்ளன் புகுந்தான். ஓர் இடத்தில் உள்ளே சுவர் இருந்தது. இன்னோர் இடத்தில் சரியான சுவர் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

நான்கு கட்டளைகள்

முதலாவது, பெட்டியோடு வரும் ரகசியச் சொல்லை உடனே மாற்றவேண்டும். கம்பெனி வைத்த சொல் ஊருக்கே தெரியும். அது கதவிலேயே தொங்கும் சாவி.

இரண்டாவது, துளைகளைக் காக்கவேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 12 எழுத்து கொண்ட அடையாள எண் உண்டு. "இந்தத் துளையில் இந்த எண்தான்" என்று சொல்லிவிடலாம். வேறு ஒன்று செருகப்பட்டால் துளை தானே மூடிக்கொள்ளும். இந்த எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும். ஆகவே பெரிய ஆபீசுகளில் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்டுத் திறப்பது நல்லது. பயன்படாத துளைகளை அடைத்தே வைக்கவேண்டும்.

மூன்றாவது, பிரித்து வைக்கவேண்டும். ஒரே பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் எழுப்பலாம். மாணவர் விளையாடும் கம்ப்யூட்டர் ஒரு பக்கம். மதிப்பெண் இருக்கும் கம்ப்யூட்டர் மறுபக்கம். நோயாளிப் பதிவு ஒரு பக்கம். விருந்தாளியின் போன் மறுபக்கம்.

நான்காவது, தேவை இல்லாத வசதிகளை நிறுத்தவேண்டும். கம்பெனி அனுப்பும் திருத்தங்களை உடனே போடவேண்டும். 2018 ஏப்ரலில், திறந்து கிடந்த ஒரு வசதி வழியாக உலகம் எங்கும் சுவிட்ச் பெட்டிகள் தாக்கப்பட்டன. ஈரானில் மட்டும் சுமார் 3,500! திருத்தமோ சில நாட்களுக்கு முன்பே வந்திருந்தது.

"சின்ன ஊருக்கு எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். விஷமி ஊரின் பெயரைப் பார்ப்பது இல்லை. எந்தக் கதவு திறந்து இருக்கிறது என்று அவனுடைய இயந்திரம் உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கிறது. பட்டணத்தில் பழுது என்றால் பக்கத்துத் தெருவில் இருந்து ஆள் வருவார். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர் 70 வளைவுகள் ஏறி வரவேண்டும். சின்ன ஊருக்குத்தான் காவல் அதிகம் தேவை!

"செலவு ஆகுமே!" என்றும் சொல்வார்கள். கட்டளை கேட்கும் பெட்டிக்கு விலை சற்று அதிகம்தான். ஆனால், பல ஆபீசுகளில் அந்தப் பெட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். கட்டளை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பூட்டியவர் ஒருவர், அவர் மாறிப்போனால் ஆபீசே நிற்கும் என்ற நிலை வரக்கூடாது. கட்டளைகளை நோட்டில் எழுதி, ரகசியச் சொல்லை உறையில் இட்டு முத்திரை வைத்து, தலைமை அதிகாரியின் பீரோவில் வைக்கவேண்டும்.

பெட்டி வாங்கும்போதே இந்த நான்கு வேலைகளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலை முடிந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். அங்கே பதிந்திருப்பது நம் பிள்ளையின் மதிப்பெண். நம் தாயின் ரத்தப் பரிசோதனை!