நத்தை வளர்க்கலாமா?

பிரிட்டனில் பல வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் செல்லமாக வளரும் ஓர் உயிர், கேரளத்தில் மழைக்காலந்தோறும் வாழையையும் பப்பாளியையும் மொட்டையடிக்கிறது. ஆப்பிரிக்க ராட்சத நத்தைதான் அது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதன் ஓடு 20 செ.மீ. வரைகூட வளரும். சத்தம் போடாது, முடி உதிர்க்காது. ஈரமான தேங்காய் நார்த்தூளைத் தொட்டியில் பரப்பி, கீரையும் வெள்ளரித் துண்டும் போட்டு, ஓடு உறுதிப்படக் கணவாய் ஓடு ஒன்றை ஓரமாக வைத்துவிட்டால் ஐந்தாறு ஆண்டுகள் வாழும். கொம்பின் நுனியில் கண் இருப்பதையும், தொட்டால் அது உள்ளிழுத்துக்கொள்வதையும் ஒரு குழந்தை நேரில் பார்ப்பது நல்ல கல்வி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பிரிட்டனுக்கு ஒரு காவல் இருக்கிறது: குளிர். தொட்டியிலிருந்து தப்பிய நத்தை அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களுக்கு அந்தக் காவல் கிடையாது.

1966இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்கு எடுத்து வந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒழித்து முடிக்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவானது. 2011இல் அதே மயாமிப் பகுதியில் மீண்டும் தலைகாட்டியது. மோப்ப நாய்களைப் பழக்கித் தேடியும் 2021 வரை போராட வேண்டியிருந்தது; பிடிபட்டவை ஏறத்தாழ 1,68,000. மறு ஆண்டே மயாமி இருக்கும் மாநிலத்தின் இன்னொரு மாவட்டத்தில் வெள்ளை உடல் கொண்ட நத்தைகள் கிடைத்தன. செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள் தேடி வாங்கும் நிறம் அது. அமெரிக்காவில் அரசு அனுமதியின்றி இதை வைத்திருப்பது இன்று சட்டவிரோதம்.

நம் கதை இதைவிடப் பழையது. 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு இந்த நத்தையைக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன், நத்தைகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்தவர். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. 1900 வாக்கில் இலங்கைக்கும் நத்தை போய்ச் சேர்ந்தது. சிறுவனின் பாட்டிக்கு விவரம் தெரியாது என்று சொல்லலாம். பென்சனோ அத்துறையின் அறிஞர். அறிவோ அன்போ மட்டும் இங்கே காப்பாற்றாது என்பதற்கு இந்த இருவருமே சாட்சி.

காரணம், இந்த உயிரின் உடலமைப்பு. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. இணைசேர்ந்தபின் விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ‘ஒன்றுதானே’ என்று வாங்கி வந்ததும் முட்டையிடலாம், ஒரே ஈட்டில் நூறு, இருநூறு என்று. கோடை வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். மழை விழுந்ததும் எழுந்து மேயும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு போதாவிட்டால் சுவர்ப் பூச்சையும் அரித்துத் தின்னும். போதாததற்கு எலி நுரையீரல் புழுவையும் சுமக்கக்கூடியது. அந்தப் புழு மனித உடலுக்குள் போனால் மூளை உறை அழற்சி உண்டாகலாம்.

வந்தபின் ஒழிக்க எடுத்த முயற்சி இன்னும் பெரிய துயரம். பிரெஞ்சு பாலினீசியாவில் இந்த நத்தையைத் தின்ன வேறொரு கொன்றுண்ணி நத்தையைக் கொண்டுவந்தார்கள். 1977இல் மோரேயா தீவில் விடப்பட்ட அது, மண்ணின் சொந்த நத்தைகளான பார்ட்டுலா இனங்களைத் தின்று பத்தாண்டுக்குள் காட்டில் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தது. எஞ்சியவை லண்டன் முதலிய இடங்களின் உயிரியல் பூங்காக்களில் தொட்டிக்குள் வளர்ந்து, தலைமுறைகள் கடந்து, 2015 முதல் தீவுகளுக்குத் திரும்புகின்றன. நத்தை வளர்ப்பின் மிக உயர்ந்த வடிவம் இதுவே என்பேன். எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன என்று கணக்கு வைத்து, ஒன்றும் வெளியேறாமல் பார்த்துக்கொண்டு, சொந்த மண்ணில் மட்டும் விடுகிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உலகில் வேறெங்கும் இல்லாத நில நத்தைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மோரேயாவின் கதி வரக் கூடாது. மத்திய அரசு கையில் கருவி இருக்கிறது: 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வைத்திருப்பதையும் தடுக்க அதிகாரம் தருகிறது. நத்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஆப்பிள் நத்தைகளும் கண்காணிப்புக்குள் வர வேண்டும். 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்கு வந்த தங்க ஆப்பிள் நத்தை, பிலிப்பைன்ஸ் வரை நெல் வயல்களைச் சூறையாடியது. காவிரி டெல்டாவின் வாய்க்கால்கள் அதற்கு இன்னொரு வாசலாகிவிடக் கூடாது.

வெளிநாட்டு நத்தையை வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். முட்டைகளை ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தபின் அப்புறப்படுத்துங்கள். வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்திலோ குளத்திலோ விடாமல் வேளாண் துறை அலுவலரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். குழந்தைக்கு நத்தை காட்ட ஆசையிருந்தால், மழை விட்டதும் வெளியே அழைத்துப் போய் நம் ஊர் நத்தைகளைக் காட்டுங்கள். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.